ருபார்ப் பாத்தியின் அரசி

எழுந்ததும் ஜன்னல்களைத் திறப்பேன். வீட்டில் உள்ள எல்லாவற்றையும், அகலமாக, பனிக்காலத்திலும். காபி இறங்கும்வரை திறந்திருக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சாத்துவேன். ஒரு துண்டு கறுப்பு ரொட்டி, மேலே பாலாடைக்கட்டி. நின்றபடியே சாப்பிடுவேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பேன். சமையலறை ஜன்னல் வழியாக ருபார்ப் பாத்தியைப் பார்ப்பேன். அகன்ற இலையும் புளித்த சிவப்புத் தண்டுமாக ருபார்ப் இருந்தபடியே இருந்தால், சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன். தொழிற்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்தப் பாத்தியில் என் மனைவி இம்கெ இருக்கிறாள்.

ஜெர்மனியில் எங்கள் மாநிலச் சட்டப்படி இறந்தவரின் சாம்பல் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்க வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எங்கள் ஊர் ஓஸ்டர்லோவிலிருந்து சைக்கிளை மிதித்தால் ஹாலந்து வந்துவிடும். அங்கே தகனம் செய்து சாம்பலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எல்லைப்புறத்தில் சில தோட்டங்களில் ரோஜாச் செடி அளவுக்கு மீறி நன்றாக வளர்ந்திருக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இம்கெக்குக் கல்லறைத் தோட்டம் பிடிக்காது. "அங்க செடிக்குக்கூட உயரக் கட்டுப்பாடு இருக்கு ஹெய்க்கோ. நான் போய்ப் படுத்தா முதல் வாரமே எனக்கு நோட்டீஸ் வரும்" என்பாள்.

சாம்பலை அவளே செய்த பானையில் வைத்தேன். மாலை நேர மட்பாண்ட வகுப்பில் பழக்கிண்ணம் செய்யப்போய், விளிம்பு அவள் கையை மீறிப் புனல்போல விரிந்துகொண்டது. சூளையில் வேறு சரியாக வேகவில்லை. அசிங்கத்தை மறைக்கக் கேக் சாப்பிடும் முள்கரண்டியால் சுற்றிலும் குத்திக் குத்திக் கோலம் போட்டாள். அது இன்னும் அசிங்கமாயிற்று. வகுப்பு ஆசிரியை அதை ஜன்னலோரம் வைக்காமல் அலமாரியின் பின்வரிசையில் வைத்தார். இம்கெ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சாம்பலோடு சுட்ட களிமண் வில்லை ஒன்றும் வந்தது. ஆள் மாறிவிடக் கூடாது என்று உடலோடு உலைக்குள் வைப்பது. நெருப்பில் அழியாது. அதில் ஓர் எண் பதித்திருக்கும். அதையும் பானைக்குள்ளேயே போட்டேன். மேலே ஒரு தட்டைக் கல். அதற்கும் மேலே மண், ருபார்ப்.

இரண்டு வருடம் எதுவும் நடக்கவில்லை. இந்தக் கோடையில் இணையக் கேபிள் போட வந்தவர்கள் வேலியோரம் வாய்க்கால் வெட்டினார்கள். கோடு கீறிய பானை ஓடுகள் சில மேலே வந்தன. பக்கத்து வீட்டு பெர்ன்ட் வேலிமேல் சாய்ந்துகொண்டு சொன்னார். அவர் ஓய்வு பெற்ற டிராக்டர் மெக்கானிக். ஃபீட்டெ என்று ஒரு நாய் வைத்திருக்கிறார்.

"டேய் ஹெய்க்கோ, உன் தோட்டம் கற்காலமாம்டா. போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்."

"யாருக்கு?"

"தொல்பொருள் ஆபீஸுக்குத்தான். உடனே வர்றாங்களாம். ஏன், பேய் பாத்த மாதிரி நிக்கற? பெருமைதானப்பா."

எனக்குப் பயம் வந்தால் கைகள் குளிர்ந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அவற்றைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

வந்தார்கள். மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தபோது தோட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா. ஒரு கூடாரம், ஒரு கழிப்பறைப் பெட்டி, திருடர்களுக்காக மரத்தில் ஒரு கேமரா. களப் பொறுப்பாளர் கெஸீனெ என்ற நடுவயதுப் பெண். என்னைப் பார்த்ததும் ஒரு தலைக்கவசத்தை நீட்டினார்.

"மொய்ன், வணக்கம். தெர்ஹோர்ஸ்ட் சார்தானே? இதைப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க."

"இது என் தோட்டம்."

"இருந்துது சார். இப்ப இது களம். துணைக்கு ஆள் இல்லாம நீங்க உள்ள வரக் கூடாது."

குழி முழங்கால் ஆழம்கூட இல்லை. தலைக்கு மேலே வானம் மட்டும்தான். எல்லோரும் கவசம் போட்டிருந்தார்கள்.

அவர்கள் வேலை செய்யும் முறை இதுதான். கொத்தனார் கரணையால் மண்ணை ஒரு விரல்கடை சுரண்டுவார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து, தங்கள் காலடித் தடங்களைத் தாங்களே கூட்டிப் பெருக்குவார்கள். எண் பலகை, வடக்கு காட்டும் அம்பு, அளவுகோல் எல்லாம் வைத்துப் படம் எடுப்பார்கள். மேகம் வந்தால் காத்திருப்பார்கள். மேகம் போனால் குடை பிடித்து நிழல் செய்வார்கள். பிறகு மண்ணில் தெரியும் ஒவ்வொரு கறைக்கும் ஓர் எண் கொடுத்து, மறுபடி ஒரு விரல்கடை சுரண்டுவார்கள். ஒன்பது மணி ஆனால் சிற்றுண்டி. கற்காலத்து மனிதன் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தாலும் மீதிப் பாதி சிற்றுண்டிக்குப் பிறகுதான்.

இதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த வேகத்தில் பாத்திக்கு வர என் ஆயுள் போதாது என்று நினைத்தேன்.

இயக்குநர் டாக்டர் வூபெலிங் அன்று மதியம் வந்தார். உயரமானவர், சிறிய மூக்குக்கண்ணாடி. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் கூடவே வந்திருந்தார். டாக்டர் கூடாரத்தின் நடுவில் நின்று பேசினார்.

"நாங்க ஊகத்துல தோண்டறவங்க இல்ல. முதல்ல முடிவுக்கு வருவோம். அப்புறம் தோண்டுவோம். இல்லன்னா எதைத் தேடறோம்னே தெரியாம தோண்ட வேண்டியிருக்கும். அது விஞ்ஞானம் இல்ல, தோட்ட வேலை."

பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார்.

முதலில் நான்கு வட்டக் கறைகள் கிடைத்தன. ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள்போல இருந்தன. ஒரு மூலை மட்டும் சற்று விலகியிருந்தது. டாக்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வீடு," என்றார். "இந்த மூலை விலகினது தற்செயல் இல்ல. கோடையோட மிக நீண்ட பகல்ல சூரியன் உதிக்கற திசையை அது காட்டுது."

"டாக்டர், அது துணி காயப்போடற கம்பம் நட்ட குழி," என்றேன். "நான்தான் நட்டேன். அந்த ஒண்ணு கோணலா இருக்குன்னு என் மனைவி அப்பவே சொன்னாள்."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "தெர்ஹோர்ஸ்ட் சார், தப்பா எடுத்துக்காதீங்க. நிலத்துச் சொந்தக்காரர் வாய்மொழி சான்றாகாது. அது எங்க விதி. உயிரோட இருக்கறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகம்னாலே கலப்படம். மண்ணுக்கு ஞாபகம் கிடையாது. அதனால மண்ணைத்தான் நம்பணும்."

சில நாள் கழித்து எலும்பு கிடைத்தது. மாட்டுத் தொடை எலும்பு. நேராக அறுத்திருந்தது. பெர்ன்ட் வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், அது எங்க ஃபீட்டெயோடது. கசாப்புக் கடையில வாங்கினேன். புதைச்சு வச்சுட்டு மறந்துட்டான், கழுதை."

"நாய் புதைச்சிருக்கலாம்," என்றார் டாக்டர். "நான் மறுக்கல. ஆனா இத்தனை பெரிய தோட்டத்துல அது ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துச்சு? ஒரு புனித இடத்தோட ஈர்ப்பு நாய்க்குக்கூடத் தெரியுதுங்கறதுதான் இங்க கவனிக்க வேண்டியது."

பெர்ன்ட் நாயைப் பார்த்தார். நாய் வேறு பக்கம் பார்த்தது.

அன்று மாலை நான் ஒரு பிழை செய்தேன். குழி பாத்தியின் ஓரத்துக்கு வந்திருந்தது. கெஸீனெ அங்கே ஒரு குச்சி நட்டு நூல் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், முடிந்தவரை சாதாரணக் குரலில், "இங்க தண்ணி நிக்கும். அந்தக் கொட்டகைப் பக்கம் தோண்டினா ஏதாவது கிடைக்கும்னு தோணுது" என்றேன்.

கெஸீனெ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சொந்தக்காரர் எங்க தோண்ட வேணாங்கறாரோ அங்கதான் கிடைக்கும். எங்க பயிற்சியில முதல் பாடமே அதுதான்," என்றார். "நூலை இந்தப் பக்கம் நகர்த்துங்க கெஸீனெ. நாளைக்குக் காலையில ருபார்ப்."

அந்த மாலை பெர்ன்டிடம், யாரோ ஒருவர் கதைபோலச் சொல்லி, சாம்பலை வீட்டில் வைத்திருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"எங்க ஒண்ணுவிட்ட தம்பிக்கு ஆச்சுடா. ஆபீஸ்ல இருந்து வந்து எடுத்துட்டுப் போயி, கல்லறைத் தோட்டத்துல பேர் போடாத புல்வெளி ஒண்ணு இருக்கே, அங்க வச்சுட்டாங்களாம். எந்த இடம்னு அவனுக்கே காட்டல. ஞாயித்துக்கிழமை போயி மொத்தப் புல்லையும் பாத்துட்டு வருவான், பாவம்." குனிந்து ஃபீட்டெயின் காதைச் சொறிந்தார். "ஏன்டா கேக்கற?"

"சும்மா."

அவர் ருபார்ப் பாத்தியைப் பார்த்தார். பிறகு நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காலையில் ஜன்னல்களைத் திறந்தேன். சாத்த மறந்தேன். தலைக்கவசத்தோடு குழியோரம் நின்றேன். கெஸீனெ ருபார்ப் கிழங்குகளை மண்ணோடு பெயர்த்து ஒரு வாளியில் வைத்தார். சுரண்டினார்கள். பெருக்கினார்கள். படம் எடுத்தார்கள். மறுபடி சுரண்டினார்கள். ஒவ்வொரு முறை கரணை மண்ணில் உரசும்போதும் என் பல் கூசியது. சிற்றுண்டி நேரம் நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சற்று முன்பு கரணை கல்லில் பட்டது.

தட்டைக் கல்லை நகர்த்தினார்கள். கீழே விளிம்பு தெரிந்தது. புனல்போல விரிந்த விளிம்பு.

அந்த அலுவலகத்தின் வரலாற்றில் முதல் தடவையாக ஒன்பது மணி கடந்து போயிற்று.

டாக்டர் மண்டியிட்டார். சிறு தூரிகையால் மண்ணைத் தள்ளினார். முள்கரண்டிக் குத்துகள் வரிசையாக வெளியே வந்தன.

"பாருங்க," என்றார். "கற்காலத்துப் புனல் விளிம்புப் பானை. எவ்வளவு நம்பிக்கையான கை. தலைமுறை தலைமுறையா வந்த தேர்ச்சி இல்லாம இப்படி ஒரு விளிம்பு வராது. இவங்க சாதாரணக் குயவர் இல்ல. இவங்க ஒரு மேதை."

பின்வரிசை அலமாரி நினைவுக்கு வந்தது. சிரிப்பு வர வேண்டிய இடம். அவள் இருந்திருந்தால் சிரித்திருப்பாள். நான் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

உள்ளே சாம்பல். டாக்டர் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

"மாவா இருக்கு. எலும்பை அரைச்சிருக்காங்க. இது எங்கயுமே கேள்விப்படாத சடங்கு."

அது தகனக்கூடத்து இயந்திரம். எல்லோருக்கும் அப்படித்தான் அரைக்கிறார்கள்.

பிறகு வில்லை வந்தது. மண் அப்பியிருந்தது. கெஸீனெ அதைத் துடைக்கப் போனார். டாக்டர் கையைப் பிடித்துத் தடுத்தார். "களத்துல கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது. ஆய்வகத்துல மட்டும்தான்." வில்லை மண்ணோடு ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் போனது.

அந்த வார இறுதிக்குள் பத்திரிகைகளில் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஓஸ்டர்லோ அரசி. ஐயாயிரம் வயது. சாம்பலை வைத்து அவள் பெண் என்று எப்படித் தெரிந்தது என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, "பானையோட கம்பீரத்துல தெரியுது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரசி வரையப்பட்டிருந்தாள். நீண்ட கூந்தல், கையில் கோல். இம்கெ கழுத்தளவு வெட்டிய முடியோடு, கண்ணாடி போட்டிருப்பாள்.

திட்டம் இதுதான். பானையை எடுக்க மாட்டார்கள். சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்துச் சுண்ணாம்புச் சாந்து பூசி, இரும்புத் தகடு இறக்கி, கிரேன் வைத்த லாரியில் தலைநகர் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே கண்ணாடிக் கூண்டு. வெளிச்சம். பள்ளிக் குழந்தைகள் வரிசை.

பேர் போடாத புல்வெளி பரவாயில்லை என்று தோன்றியது. அங்கே யாரும் அவளைப் பார்க்க மாட்டார்கள்.

லாரி வரும் நாள் காலையில் கூடாரத்துக்குள் போனேன். டாக்டர் மேசையில் இருந்தார். வில்லை இருந்த பை அவர் முன்னால் கிடந்தது. கெஸீனெ மூலையில் தகடுகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அது என் மனைவி," என்றேன்.

"எது சார்?"

"பானையில இருக்கறது. இம்கெ. ஹாலந்துல தகனம் பண்ணி எடுத்துட்டு வந்தேன். குத்தம்னு தெரியும். என்ன தண்டனை வேணா குடுங்க. லாரியில மட்டும் ஏத்தாதீங்க."

டாக்டர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "உங்க மனைவி போன விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். துக்கத்துல இருக்கறவங்க இப்படி ஒட்டிக்கறது சகஜம். போன வருஷம் வேற ஒரு ஊர்ல ஒருத்தர், கண்டெடுத்த எருமைத் தலை தன்னோட மாமனார்தான்னு அழுதார்."

சட்டைப் பையிலிருந்து முள்கரண்டியை எடுத்து நீட்டினேன். "இதாலதான் குத்தினாள். வச்சுப் பாருங்க."

அவர் பானையின் படத்தை எடுத்து, கரண்டியின் மூன்று முனைகளை அதன் மேல் வைத்தார். மிகச் சரியாகப் பொருந்தியது. வெகு நேரம் பார்த்தார்.

"அற்புதம்," என்றார். "ஐயாயிரம் வருஷமா இந்தக் கருவியோட அளவு துளிகூட மாறல. இதை நான் வாங்கிக்கலாமா? ஒப்பீட்டுக்கு."

"டாக்டர், அந்த வில்லையில எண் இருக்கு. தகனக்கூடத்து எண். துடைச்சுப் பாருங்க."

"களத்துல துடைக்கக் கூடாது."

"துடைக்க வேணாம். நான் சொல்றேன்." எண்ணைச் சொன்னேன். எனக்கு அது மனப்பாடம். அவள் பிறந்தநாளைவிட எளிதாக வாயில் வருகிறது. "கீழ ஊர் பேரும் இருக்கும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையைக் கையில் எடுத்தார். பேசும்போது எதையாவது நெருடிக்கொண்டிருப்பது அவர் பழக்கம். கட்டைவிரல் பைமேல் போய்ப் போய் வந்தது. மண் இன்னும் ஈரமாக இருந்தது; பைக்குள்ளேயே வில்லையை விட்டு வழிந்து விலகியது. "சொந்தக்காரர் வாய்மொழி சான்றாகாதுன்னு நான் முன்னாடியே..." என்று ஆரம்பித்தவர் குனிந்து பார்த்தார்.

விரல் நின்றது.

வெளியே லாரி பின்னால் நகரும் ஓசை கேட்டது. யாரோ "வா, வா, இன்னும் வா" என்று கத்தினார்கள். டாக்டர் பையைத் திருப்பிக் குப்புற வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருந்தது. இத்தனை நாளும் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்த பயம்.

"விழாவுக்கு வர்ற அமைச்சகத்துச் செயலாளர் அம்மா கிளம்பிட்டாங்களா?" என்று கெஸீனெயிடம் கேட்டார்.

"வந்துட்டே இருக்காங்க டாக்டர்."

"ஆய்வகத்துக்கு ஏதாவது போயிருக்கா? சாம்பல், ஓடு, எதாச்சும்?"

"எதுவும் போகல. எல்லாம் இங்கதான்."

அவர் உட்கார்ந்தார். கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். அவருக்கும் கை குளிரும் போலிருக்கிறது. நானும் உட்கார்ந்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இம்கெ புல்வெளிக்குப் போவாள். சொல்லாவிட்டால் கண்ணாடிக் கூண்டுக்கு. கெஸீனெ எண் ஒட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"கண்ணாடிக் கூண்டுல வச்சா," என்றார் கெஸீனெ, யாரையும் பார்க்காமல், "யாராவது சோதிக்கணும்னு கேப்பாங்க. மண்ணுக்குள்ள இருந்தா கேக்க மாட்டாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

பாத்தியைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். செயலாளர் அம்மாள் தலைக்கவசத்தை முடி கலையாமல் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். டாக்டர் எழுந்தார். எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தோண்டறது யாராலயும் முடியும்," என்றார். "ஃபீட்டென்னு ஒரு நாய்கூடத் தோண்டுது. தோண்டாம நிறுத்தறதுக்குத்தான் ஒரு அலுவலகம் வேணும். இந்த அரசியை எடுத்துட்டுப் போற உரிமை நமக்கு இருக்கு. ஆனா நம்மகிட்ட இருக்கற கருவிகள் இவங்க தகுதிக்குப் போதாது. நூறு வருஷம் கழிச்சு இன்னும் நல்ல கருவிகள் வரும். அதுவரைக்கும் யாரும் சோதிக்கக் கூடாது, எடுக்கக் கூடாது, தொடக் கூடாது. முக்கியமா, சோதிக்கக் கூடாது. அறிவோட உச்சம் எதுன்னு கேட்டா, தெரிஞ்சுக்காம இருக்கறதுதான்."

கைதட்டினார்கள். செயலாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரி வெறுமையாகத் திரும்பியது. பெர்ன்ட் வேலியருகே நின்று மெதுவாகத் தலையாட்டினார். அது கற்காலத்துக்காக அல்ல என்று எனக்குப் பட்டது.

மாலையில் குழியை மூடினார்கள். கெஸீனெ பையைத் திறந்து வில்லையைப் பானைக்குள் போட்டார். கல்லை மேலே வைத்தார். சலித்த மண்ணைக் கையாலேயே தள்ளினார்.

"அடியில மணல் போட்டிருக்கேன். தண்ணி நிக்காது," என்றார். பிறகு வாளியிலிருந்து ருபார்ப் கிழங்குகளை எடுத்தார். "இதை நடக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. களத்தை இருந்தபடியே திருப்பித் தரணும்னு இன்னொரு விதி இருக்கு. ரெண்டாவதைப் பண்ணிட்டுப் போறேன்."

ஆணை வந்தது. என் ருபார்ப் பாத்தி இனிப் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதிலிருந்து பானையை யாரும் எக்காலத்திலும் அகற்றக் கூடாது. அகற்றினால் தண்டனை. முன்பு அவளை அங்கே வைத்தது குற்றம். இப்போது அங்கிருந்து எடுப்பது குற்றம். சாம்பலை வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள மாநிலத்தில் சட்டப்படி அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான். என் மனைவிக்கு ஐயாயிரம் வயதாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இருந்தும் பயம் போகவில்லை. தெருவில் எந்த லாரி நின்றாலும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். நல்ல கருவிகள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அறிவிப்புப் பலகை வைத்த அன்று செயலாளர் அம்மாள் மறுபடி வந்தார். பலகையில் கூந்தலும் கோலுமாக அரசி. கீழே, தன் மக்களிடம் அவள் கடைசியாக உரைத்தது காலத்தில் கரைந்துவிட்டது என்று எழுதியிருந்தது. அம்மாள் அதை உரக்கப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க தினமும் இவங்க பக்கத்துலயே வாழறீங்க தெர்ஹோர்ஸ்ட் சார். கடைசியா என்ன சொல்லியிருப்பாங்கன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? சூரியனைப் பத்தியா? தெய்வத்தைப் பத்தியா?"

டாக்டர் வூபெலிங் அசையாமல் நின்றார். கட்டைவிரல் மட்டும் எதையோ நெருடியது.

"தெரியலைங்க," என்றேன்.

அது இம்கெ இறந்த மார்ச் மாதம். மருத்துவமனை அறையில் காற்றே இல்லை என்று இம்கெ சொல்லியிருந்தாள். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கையைப் பைக்குள் விட மறந்துபோனேன். அவள் கண்ணை மூடியபடியே தடவித் தேடி என் விரல்களைப் பிடித்தாள்.

"போதும், ஜன்னலைச் சாத்திடு ஹெய்க்கோ. உன் கை ஜில்லுன்னு இருக்கு."